ஜெனரல் நியாஸியின் வாக்குமூலம்

லெப்டினன்ட் ஜெனரல் அமீர் அப்துல்லாஹ் கான் நியாஸி எழுதிய ‘கிழக்குப் பாகிஸ்தானுக்கு இழைக்கப்பட்ட துரோகம்’ என்னும் ஆங்கில நூல் 1998ஆம் ஆண்டு கராச்சியின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. 1971 டிசம்பர் 16 அன்று மாலை டாக்காவின் ரம்னா குதிரைப்பந்தயத் திடலில் போடப்பட்டிருந்த ஒரு மேசையின் முன் அமர்ந்து, இந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவின் அருகில் சரணடைவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர் இவர். அந்தக் கையொப்பத்துக்கும் இந்த நூலுக்கும் இடையே ஏறத்தாழ 27 ஆண்டுகள் உள்ளன. நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகளில், 2004 பிப்ரவரியில், லாகூரில் அவர் மௌத்தானார். ஆகவே இதை அவருடைய இறுதி வாக்குமூலம் என்றே கொள்ளலாம். வழக்கறிஞர் இல்லாமல், குறுக்கு விசாரணையும் இல்லாமல், நீதிபதி இருக்கை காலியாக இருக்கும் மன்றத்தில் கொடுக்கப்பட்ட வாக்குமூலம் இது.

இந்த நூலைப் பற்றித் தமிழில் எழுதத் தேவை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1971ஐப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. அந்நியச் சதி ஒரு முஸ்லிம் நாட்டைப் பிளந்தது என்பது ஒன்று. அது பாகிஸ்தானியருக்கும் வங்காளியருக்கும் இடையிலான விவகாரம், நமக்கு அதில் என்ன என்பது மற்றொன்று. இரண்டுமே அவ்வாண்டு நடந்ததைப் பார்க்காமலிருக்க உதவும் வாக்கியங்கள். இஸ்லாத்தின் பெயரால் ஆளப்பட்ட ஒரு நாட்டின் படை, தன் நாட்டின் பெரும்பான்மை முஸ்லிம்கள் மீதும் அங்கு வாழ்ந்த இந்துக்கள் மீதும் பாய்ந்தது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். இதை உம்மத்தின் வரலாற்றிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டு நாம் சிலுவைப் போர்களையும் பக்தாதின் வீழ்ச்சியையும் மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

நியாஸி 1915இல் பஞ்சாபின் மியான்வாலிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரியானார். 1944இல் ஜப்பானியருக்கு எதிரான பர்மா முனைப் போரில் காட்டிய துணிவுக்காக மிலிட்டரி கிராஸ் விருது பெற்றார். ‘டைகர்’ என்னும் பட்டப்பெயரை அவருக்கு வைத்தவர் அக்காலத்து அவருடைய பிரிட்டிஷ் பிரிகேடியர். 1965 போரில் ஹிலாலே ஜுர்அத் கிடைத்தது. நூலின் தொடக்கத்தில் இந்தப் பகுதிகள்தாம் படிக்க இனிமையானவை. இளம் அதிகாரியாகத் தாம் வழிநடத்திய சிறு தாக்குதல்களை அவர் விவரிக்கும்போது, ஒரு குன்றை, ஒரு பதுங்குகுழியை, உடனிருந்த சிப்பாய்களை நெருங்கி அறிந்தவரின் குரல் கேட்கிறது. தனிப்பட்ட முறையில் அவர் கோழையல்லர் என்பதில் ஐயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அவருக்கு எதிராக அவருடைய நாட்டில் எழுந்த கூச்சலில் பெரும்பகுதி அவரைக் கோழை என்றே ஏசியது. அவரும் தம் நூலின் பெரும்பகுதியை அந்த ஏச்சுக்குப் பதில் சொல்வதிலேயே செலவிட்டார்.

அவருடைய வாதம் சுருக்கமாக இது. 1971 ஏப்ரலில் டிக்கா கானிடமிருந்து கிழக்குப் பகுதிப் படைத்தலைமையைத் தாம் ஏற்றபோது நிலைமை ஏற்கெனவே கெட்டிருந்தது. மூன்று பக்கமும் இந்தியா, நான்காவது பக்கம் கடல். போரிடும் ஆட்கள் அவர் கணக்கில் 45,000 பேர்தான். சரணடைந்தோர் என்று உலகம் சொல்லும் 93,000 என்னும் தொகையில் குடிமக்களும் சேர்த்து எண்ணப்பட்டிருக்கின்றனர். போர்விமானங்களில் ஒரேயொரு ஸ்குவாட்ரன் சேபர்; தேஜ்காவ் ஓடுதளம் குண்டுவீச்சில் சிதைந்ததும் போர் தொடங்கிச் சில நாள்களிலேயே அவையும் தரையில் முடங்கின. 1971 பிப்ரவரி முதலே இந்திய வான்வழி மூடப்பட்டுவிட்டதால் மேற்கிலிருந்து வரும் விமானங்கள் இலங்கையைச் சுற்றி, கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கிழக்கின் பாதுகாப்பு மேற்கிலிருந்து தொடுக்கப்படும் தாக்குதலில் அடங்கியிருக்கிறது என்பதே ராவல்பிண்டியின் பழைய கொள்கை. ஆனால் அந்தப் பெரும் தாக்குதல் கடைசிவரை நிகழவேயில்லை. யஹ்யா கானும், படைத்தலைமையகத்தினரும், பூட்டோவும் கிழக்கை வேண்டுமென்றே கைகழுவினர். தாம் பலிகடா ஆக்கப்பட்டார். நூலின் தலைப்பிலுள்ள துரோகம் இதுதான்.

இந்த வாதத்தில் உண்மை கணிசமாக இருக்கிறது. ஆயிரம் மைல் தொலைவிலிருந்த தலைமையகம் அவருக்குப் படைகளையும் அனுப்பவில்லை, தெளிவான அரசியல் இலக்கையும் தரவில்லை. ஆயினும் போர்த்திட்டம் அவருடையது. எல்லையோர நகரங்களைக் கோட்டைகளாக்கி, ஜெஸ்ஸூர், போக்ரா, ரங்பூர், சில்ஹட், கொமில்லா என்று படைகளைச் சிதறவைத்தார். முக்கால் பங்கு இழப்பு நேரும்வரை எந்த நிலையிலிருந்தும் பின்வாங்கக் கூடாது என்று ஆணையிட்டார். இந்தியப் படையோ கோட்டைகளை விட்டு விலகி, ஆறுகளைக் கடந்து, இடைவெளிகளின் வழியே தலைநகரை நோக்கிப் போனது. ஜெஸ்ஸூர் டிசம்பர் 7 அன்று ஏறத்தாழப் போரின்றியே விழுந்தது. டிசம்பர் 11 அன்று டங்கைலில் பாராசூட் படை இறங்கியது. டாக்காவைக் காக்க டாக்காவில் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. இவ்வளவுக்கும் மேலே, வெளிநாட்டுச் செய்தியாளர்கள் முன் தம் மார்பைச் சுட்டிக்காட்டி, தம் பிணத்தின் மீது ஏறித்தான் டாங்கிகள் டாக்காவுக்குள் வர முடியும் என்று அவர் முழங்கியிருந்தார். போர்க்களத்தில் தோற்ற தளபதிகள் எத்தனையோ பேர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவருடைய நாட்டார் அவருக்கு என்றுமே மன்னிக்கவில்லை.

டிசம்பர் 14 அன்று இந்தியப் போர்விமானங்கள் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கின. ஆளுநர் ஏ. எம். மாலிக் தாக்குதலுக்கு நடுவே பதவி விலகல் கடிதத்தை எழுதிவிட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பிலிருந்த இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தார். அதே நாளில் யஹ்யா கானின் செய்தி நியாஸிக்கு வந்தது. வீரத்துடன் போரிட்டீர்கள், இனி எதிர்ப்பு மனித ஆற்றலுக்கு உட்பட்டதன்று, சண்டையை நிறுத்தத் தேவையானதைச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். இந்தச் செய்தி ஆணையா, அனுமதியா என்பதே அதன்பின் முப்பது ஆண்டுகள் நடந்த வழக்கு. ஆணை என்கிறார் நியாஸி. பூட்டோ அமைத்த ஹமூதுர் ரஹ்மான் விசாரணைக் குழு, அது அனுமதி மட்டுமே என்றது: களத்திலிருந்து தளபதி அனுப்பிய மனமுடைந்த செய்திகளைக் கண்டு, அவசியம் என்று அவர் கருதினால் சரணடையலாம் என்று மேலிடம் விட்டுக்கொடுத்தது, அவரோ ஏற்க மறுத்திருக்கலாம்.

1972இல் தரப்பட்டு, 1974இல் துணை அறிக்கையும் சேர்க்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுவரை மறைத்துவைக்கப்பட்டிருந்த அந்த அறிக்கையில் ஓரிடம் என்னை நீண்ட நேரம் நிறுத்தியது. நியாஸி சரணடைய மறுத்து, டாக்காவில் போரைத் தொடர்ந்து, அதில் உயிர் நீத்திருந்தால் வரலாற்றில் மாபெரும் வீரராகவும் ஷஹீதாகவும் நினைக்கப்பட்டிருப்பார் என்ற கருத்தை நீதிபதிகள் அங்கே தெரிவிக்கிறார்கள். குழுவின் தலைவர் ஹமூதுர் ரஹ்மான் பாகிஸ்தானின் தலைமை நீதிபதி, அவரே வங்காளி. இன்னும் இரண்டு வாரம் டாக்காவைப் பிடித்துவைத்திருக்க முடியும் என்பது அவர்களின் மதிப்பீடு. அந்த இரண்டு வாரங்களில் பல லட்சம் மக்கள் வாழ்ந்த அந்த நகரம் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அந்த இடத்தில் எழவில்லை. தெருத்தெருவாக நடக்கும் சண்டை. ஒரு பக்கம் முற்றுகை, மறுபக்கம் பழிதீர்க்கக் காத்திருக்கும் ஆயுதக் குழுக்கள். நடுவில் வங்காளிகளும், பாகிஸ்தானை நம்பி நின்ற உருது பேசும் பீஹாரிகளும். ஒரு தளபதியின் ஷஹாதத்துக்காக இத்தனை பேரைச் செலவிடலாம் என்று எந்த ஃபிக்ஹ் கூறுகிறது?

பின்வாங்குதல் இழிவு என்பது நம் மரபின் தீர்ப்பும் அன்று. ஹிஜ்ரி 8இல் முஃத்தாவில் ஸைத், ஜஅஃபர், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா ஆகிய மூன்று தலைவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதான பிறகு, கொடியை ஏற்ற காலித் இப்னு வலீத் எஞ்சிய படையை மீட்டுக்கொண்டு மதீனா திரும்பினார். ஊரார் மண்ணை வாரித் தூற்றி ‘ஓடிவந்தவர்கள்’ என்று ஏசியபோது, நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்து, இவர்கள் மீண்டும் களம் காண்போர் என்று கண்ணியப்படுத்தியதை ஸீரா ஆசிரியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 1877இல் பிளெவ்னாவில் ரஷ்ய முற்றுகையை ஏறக்குறைய ஐந்து மாதம் தாங்கி நின்ற உஸ்மான் பாஷா, உடைத்து வெளியேறும் கடைசி முயற்சியில் காயமடைந்து, டிசம்பர் 10 அன்று சரணடைந்தார். எதிரியே அவரை மரியாதையுடன் நடத்தினான். இஸ்தான்புல் அவரை ‘காஸி’ என்று வரவேற்றது. அவர் பெயரில் இன்றும் துருக்கியில் மார்ச் இசை ஒலிக்கிறது. சரணடைந்தவர் என்பதற்காக எவரும் அவரை வெட்கப்படச் சொல்லவில்லை.

ஆகவே டிசம்பர் 16 அன்று நியாஸி செய்தது சரியே என்று நான் கருதுகிறேன். அவர் தம் வாழ்நாளில் செய்த பெரிய செயல்களுள் குற்றம் குறைந்தது அதுவாகத்தான் இருக்கும். எந்த நிபந்தனைகளில் கையெழுத்திட்டார், ஜெனரல் ஜேக்கப் கொண்டுவந்த வரைவை அரைமணி நேரத்தில் ஏன் ஏற்றார், இந்தியா–வங்காளதேசக் கூட்டுத் தலைமை என்ற சொற்களுக்கு ராவ் ஃபர்மான் அலி மறுப்புச் சொன்ன பின்னும் ஏன் பணிந்தார் என்பனவெல்லாம் கேட்கத்தக்க கேள்விகளே. ஜேக்கப் தம் நூலில் அன்று டாக்காவில் நியாஸியிடம் 26,400 பேர் இருந்தனர், நகருக்கு வெளியே தம்மிடம் 3,000 பேரே இருந்தனர் என்று எழுதுகிறார். இந்தியத் தளபதிக்குத் தம் சாமர்த்தியம் பெரிதாகத் தெரிய வேண்டும். பாகிஸ்தான் நீதிபதிகளுக்குத் தளபதியின் கோழைத்தனம் பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டு நோக்கங்களுக்கும் ஒரே கணக்கு பயன்பட்டது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. அந்தக் கணக்கை உடைப்பதற்கு நியாஸி எடுத்துக்கொள்ளும் சிரமத்தில் பாதியை வேறொரு கணக்குக்கு எடுத்துக்கொண்டிருந்தால் இது முக்கியமான நூலாகியிருக்கும்.

அந்த வேறு கணக்கு 1971 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான எட்டு மாதங்கள்.

மார்ச் 25 இரவு டிக்கா கான் நடத்திய தாக்குதலைப் பற்றி நியாஸி எழுதியிருக்கும் பகுதி எந்த வங்காளி எழுத்தாளரும் எழுதத்தக்கது. செங்கிஸ் கானும் ஹுலாகுவும் புகாராவிலும் பக்தாதிலும் செய்தவற்றோடும், ஜாலியன்வாலாபாக்கில் டயர் செய்ததோடும் ஒப்பிட்டு, அவற்றினும் கொடிய இரக்கமின்மை என்று அதைக் கண்டிக்கிறார். சொந்த மக்களை எதிரி நாட்டாரைப் போல நடத்தினார்கள் என்கிறார். நம்முடைய வரலாற்று நினைவில் ஹுலாகு என்ற பெயருக்கு என்ன எடை என்பது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாகிஸ்தான் தளபதி தம் படையைக் குறித்து அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த நூலைப் படிக்கலாம். படுகொலையே நடக்கவில்லை என்று சாதிப்போருக்கு முன் இதை வைக்கலாம்.

ஆனால் அந்தக் கண்டனம் ஒரு தேதியோடு நின்றுவிடுகிறது. தாம் தலைமையேற்ற நாளுக்கு முந்தியவற்றுக்கு டிக்கா கான் பொறுப்பு. பிந்தியவற்றுக்கோ யாரும் பொறுப்பில்லை. ஏப்ரல் 15 அன்று தம் கீழ்ப் படைத்தலைவர்களுக்கு அவர் அனுப்பிய அந்தரங்கக் கடிதத்தை நூலில் சேர்த்திருக்கிறார். சிப்பாய்கள் கொள்ளையடிக்கின்றனர், தீ வைக்கின்றனர், கண்டபடி கொல்கின்றனர், பெண்களை வன்புணர்கின்றனர் என்று செய்திகள் வருகின்றன. இதை உடனே நிறுத்துங்கள் என்னும் கடிதம் அது. தம் நேர்மைக்குச் சான்றாக இதை அவர் வைக்கிறார். படிக்கும் நமக்கோ அது வேறொன்றுக்கும் சான்றாகிறது. வந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையிலேயே எல்லாவற்றையும் அவர் அறிந்திருந்தார். அறிந்த பிறகு எட்டு மாதங்கள். ஒழுங்கை மீட்டதாகவும் குற்றவாளிகளைத் தண்டித்ததாகவும் எழுதுகிறார். ஆனால் அகதிகளின் வெள்ளம் அந்தக் கடிதத்துக்குப் பின்தான் கோடியைத் தொட்டது.

எதிர்ச்சாட்சிகளும் இருக்கின்றன, அவையும் அவருடைய படையிலிருந்தே. தம் பிரிவைப் பார்வையிட வந்த நியாஸி எத்தனை இந்துக்களைக் கொன்றீர்கள் என்று கேட்டதாக, ஓர் அதிகாரி ஹமூதுர் ரஹ்மான் குழுவின் முன் சாட்சி சொன்னார். டாக்காவில் 14ஆம் டிவிஷனின் தளபதியாக இருந்த காதிம் ஹுசைன் ராஜாவின் நினைவுக்குறிப்புகள் அவர் இறந்த பிறகு 2012இல் வெளிவந்தன. நியாஸி பொறுப்பேற்ற அன்று நடந்த கூட்டத்தில் வங்காளிப் பெண்களைப் பற்றி, அந்த இனத்தையே மாற்றிவிடுவேன் என்னும் பொருளில் பேசியதையும், மறுநாள் ஒரு வங்காளி அதிகாரி தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டதையும் ராஜா அதில் பதிவுசெய்திருக்கிறார். ராஜாவுக்கும் தம்மைக் காத்துக்கொள்ளும் நோக்கம் உண்டு. மார்ச் 25 நடவடிக்கையைத் திட்டமிட்ட இருவருள் ஒருவர் அவர். தோற்றவர்கள் ஒருவர் மீது ஒருவர் சொல்லும் குற்றச்சாட்டுகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆயினும் இத்தனை திசைகளிலிருந்து வரும் சாட்சியங்களுக்கு எதிரே நியாஸி நிறுத்துவது ஒரு கடிதத்தை மட்டுமே.

அவருடைய நூலில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடம், இவற்றையெல்லாம்விட, ரஸாகார் படையைப் பற்றிய விவரிப்பு. அதன் உட்பிரிவுகளாக அமைந்த அல்பத்ரையும் அல்ஷம்ஸையும் அவர் திருப்தியோடு குறிப்பிடுகிறார். அல்பத்ரில் படித்த மாணவர்கள் சேர்க்கப்பட்டதைத் தனியே சொல்கிறார். சரணடைவுக்கு இரண்டு நாள் முன்பு டாக்காவில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் இதழாளர்களும் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, ராயர் பஜார் செங்கல் சூளைப் பகுதியிலும் மீர்பூரிலும் பிணங்களாகக் கிடந்தனர். நாடகாசிரியர் முனீர் சௌத்ரி, நாவலாசிரியர் ஷஹீதுல்லா கைஸர், மருத்துவர் ஃபஸ்லே ரப்பீ: பெயர்களைப் பார்த்தாலே எந்தச் சமூகத்தினர் என்பது விளங்கும். இழுத்துச் சென்றவர்கள் என்று குற்றஞ்சாட்டப்படுவது அந்தப் படித்த மாணவர்களின் படையே. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பு இருப்பதாக உணர்ந்த சாயல்கூட நியாஸியின் எழுத்தில் இல்லை. பத்ர் என்ற பெயரை அந்தக் காரியத்துக்குச் சூட்டியவர்கள் யாராயினும், அந்தப் பெயருக்கு அவர்கள் செய்தது என்ன என்பதைப் பற்றி நம் ஆலிம்கள் போதுமான அளவு பேசியதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அரபு மொழியில் ஷஹீத் என்பதும் ஷாஹித் என்பதும் ஒரே வேர் கொண்டவை; உயிர்த்தியாகியும் சாட்சியும் ஒரு சொல்லின் இரு கிளைகள். நீதிபதிகள் நியாஸியிடம் எதிர்பார்த்தது முதல் பொருளை. அது அவரிடம் கேட்டிருக்கக் கூடாத ஒன்று. இரண்டாவது பொருளையோ யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. தனக்கும் தன் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் சாட்சியம் சொல்ல வேண்டும் என்னும் கடமையைச் சிறு வயதிலேயே ஓதி வளர்ந்தவர் அவர்.

இந்தச் சொல்லை நான் இங்கே இழுத்ததற்கு ஸித்தீக் ஸாலிக்கின் நூல்தான் காரணம். ‘சரணடைவின் சாட்சி’ என்று பொருள்படும் தலைப்பில் 1977இல் வந்த அவருடைய நூல் இப்பொருளில் பாகிஸ்தான் தரப்பிலிருந்து வந்தவற்றுள் ஆகச் சிறந்தது. ஸாலிக் அப்போது டாக்காவில் இராணுவத்தின் மக்கள்தொடர்பு அதிகாரி. நியாஸியுடன் போர்க்கைதியாகச் சென்றவர். பின்னர் பிரிகேடியராகி, 1988இல் ஸியாவுல் ஹக்குடன் அதே விமான விபத்தில் மாண்டார். மக்கள்தொடர்பு அதிகாரியின் தொழில் பொய்யை அழகாகச் சொல்வது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது அவருடைய கண் பொய் சொல்லவில்லை. மார்ச் 26 காலை பல்கலைக்கழகப் பகுதியில் புதிதாக மூடப்பட்ட பெருங்குழிகளைப் பார்த்துவிட்டு அவர் முகாமின் உணவுக்கூடத்துக்குத் திரும்புகிறார். அங்கே ஓர் அதிகாரி ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடியே, வங்காளிகளை ஒரு தலைமுறைக்காவது சரிப்படுத்தியாயிற்று என்கிறார். ஸாலிக் அதற்கு விமர்சனம் எதுவும் சேர்க்கவில்லை. டிசம்பர் 7 மாலை ஆளுநர் மாலிக்கின் முன் நியாஸி விம்மி அழுததையும், காப்பித் தட்டோடு உள்ளே வந்த பணியாளை விரட்டியதையும், அவன் வெளியே போய் உள்ளே துரைமார்கள் அழுகிறார்கள் என்று சொன்னதையும் பதிவுசெய்பவரும் ஸாலிக்தான். அந்த அழுகையில் நான் நியாஸியை அவருடைய சொந்த நூலில் காண்பதைவிட நெருக்கமாகக் காண்கிறேன்.

ஸாலிக்கின் நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. அவருடைய வங்காளிகள் பெரும்பாலும் கூட்டமாகவோ பிணமாகவோ வருகின்றனர். பெயரோடும் வீட்டோடும் வருவது அரிது. அதற்கு ஜஹனாரா இமாமிடம் போக வேண்டும். 1986இல் வங்க மொழியில் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பு அவ்வாண்டு முழுவதையும் டாக்காவின் ஒரு நடுத்தர முஸ்லிம் குடும்பத்துக்குள்ளிருந்து காட்டுகிறது. மூத்த மகன் ரூமி விடுதலைப் படையில் சேர்கிறான். ஆகஸ்ட் இறுதியில் தந்தையோடும் தம்பியோடும் இராணுவம் அவனைப் பிடித்துச் செல்கிறது. மற்றவர்கள் அடிபட்டுத் திரும்புகின்றனர், ரூமி திரும்பவில்லை. யஹ்யா கானுக்குக் கருணை மனு எழுதினால் ஒருவேளை மகன் கிடைக்கலாம் என்று உறவினர் சொல்கிறார்கள். பெற்றோர் இரவெல்லாம் அதைப் பேசுகிறார்கள். கடைசியில் தந்தை ஷரீஃப், மகன் எதற்காகப் போனானோ அதை இந்த மனு சிறுமைப்படுத்திவிடும் என்று எழுத மறுக்கிறார். சரணடைவைப் பற்றி இத்தனை தளபதிகள் எழுதிய இத்தனை பக்கங்களில் இந்த ஒரு முடிவுக்கு நிகரானது இல்லை. ஷரீஃப் டிசம்பர் 13 அன்று மாரடைப்பில் இறந்தார். மூன்று நாள் கழித்து ரம்னா திடலில் மேசை போடப்பட்டது.

நியாஸி கைதியாக ஜபல்பூர் முகாமில் இருந்தார். போர்க்குற்றங்களுக்காக விசாரிக்கப்படவிருந்த 195 பேரை விடுவிக்க 1974 ஏப்ரல் 9 அன்று மூன்று நாடுகளும் தில்லியில் உடன்பட்டன. சரியாக மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 30 அன்று, கைதிகளின் கடைசி அணியோடு நியாஸி வாகா எல்லையைக் கடந்தார். அவருடைய பதவியும் ஓய்வூதியமும் பறிக்கப்பட்டன. சரணடைவுக்காக மட்டுமன்றி, ஒழுக்கக்கேட்டுக்காகவும் வெற்றிலைக் கடத்தலுக்காகவும்கூட அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று ஹமூதுர் ரஹ்மான் குழு கூறியிருந்தது. அக்கொடுமைகளை விசாரிக்கத் தனியே உயர்நிலைக் குழு அமைக்க வேண்டும் என்றும் கூறியிருந்தது. இரண்டுமே நடக்கவில்லை. தம்மை இராணுவ நீதிமன்றத்தில் விசாரியுங்கள் என்று நியாஸி பலமுறை கேட்டார். அந்தக் கோரிக்கையில் அவர் நேர்மையாகவே இருந்தார் என்று நம்புகிறேன். விசாரித்தால் தாம் மட்டுமல்ல, ராவல்பிண்டியும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் மற்றவர்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் அந்த நீதிமன்றம் கூடியிருந்தாலும் அது கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஏன் சரணடைந்தாய் என்பதாகவே இருந்திருக்கும்.

இந்நூல்களுள் எதைத் தமிழில் கொண்டுவரலாம் என்று பதிப்பாளர் எவரேனும் கேட்டால், ஜஹனாரா இமாமை முதலில் கொண்டுவாருங்கள், அதுவும் வங்க மூலத்திலிருந்தே, என்பேன். ஸாலிக் அடுத்து. நியாஸியின் நூலை முழுமையாக மொழிபெயர்க்கத் தேவையில்லை. போர்ப் படங்களையும் படைப்பிரிவுப் பட்டியல்களையும் விட்டுவிட்டு, டிக்கா கானைப் பற்றிய அந்தப் பகுதியையும், ஏப்ரல் 15 கடிதத்தையும், ரஸாகார்களைப் பற்றிய பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டால் போதும்.